இணையவழியில் உளவளத்துணை: கொழும்பு வீடுகளில் அதை நடைமுறைப்படுத்துவது எப்படி

இணையவழி உளவளத்துணையைத் தொடங்குபவர்கள் முதலில் தேட வேண்டியது கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் இடம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டறை ஃபிளாட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, பறிபோன வேலையைப் பற்றியோ பிரிய நினைக்கும் கணவரைப் பற்றியோ மனம் திறக்க முடியாது. ஹெட்போன் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது மறைப்பது உளவளத்துணையாளரின் குரலை மட்டும்தான்; உங்கள் குரல் பக்கத்து அறைக்குக் கேட்கும். கதவுக்கு வெளியே ஒரு மேசை விசிறியை வேகமாக ஓடவிடுங்கள், அல்லது வானொலியை வையுங்கள். எல்லோரும் வீடு திரும்பும் மாலையைவிட, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகான காலை நேரம் நல்லது. நிறுத்திய காருக்குள் பேசுவதும் சரிதான். ஆனால் ஃபிளாட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். மூடிய இடத்தில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப்புகை சேரும், அங்கே அதைச் செய்யவே வேண்டாம். கடற்கரையில் நடந்தபடி பேசினால் காற்றின் இரைச்சல்தான் மறுமுனைக்குப் போகும்.

அடுத்தது, யாரிடம் போவது. உளநல மருத்துவர் மருந்து எழுதலாம். இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் சிகிச்சையும் செய்வார், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். சில மாத டிப்ளோமா முடித்தவரும் முதுகலைப் பட்டம் பெற்றவரும் அதே பெயரில்தான் வேலை செய்கிறார்கள். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள்? உங்கள் வேலையை இப்போது மேற்பார்வை செய்பவர் யார்? என்னுடையதைப் போன்ற பிரச்சினையில் வேலை செய்திருக்கிறீர்களா? எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சொன்னால் கட்டணமில்லாமல் நேரத்தை மாற்றலாம்? மேற்பார்வையைப் பற்றிய கேள்விக்கு நல்ல துணையாளர் தயங்காமல் பதில் சொல்வார். தயங்கினாலோ கோபப்பட்டாலோ வேறொருவரைப் பாருங்கள்.

மொழியைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். "யோசனை கூட", "நெஞ்சு அடைக்குது" என்பதை விளக்கம் சொல்லாமலே விளங்கிக்கொள்பவரிடம் கதை வேகமாகப் போகும். தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் கலந்து பேசுவது உங்கள் வழக்கமென்றால் அப்படியே பேசுங்கள். சொந்தக்காரர், வீட்டாரின் நண்பர், ஒரே கோயில் அல்லது தேவாலயத்தில் அடிக்கடி சந்திப்பவர் வேண்டாம். கொழும்பில் நம் வட்டம் சிறியது. அவர் வாய் திறக்காவிட்டாலும் நீங்கள் தயங்கித் தயங்கித்தான் பேசுவீர்கள்.

துணையாளர் வெளிநாட்டில் இருந்தால் மணிக்கூடு குழப்பும். இலங்கையில் நேரம் மாறுவதில்லை, அங்கே மாறும். லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கும். டொரண்டோவுக்கு அது ஒன்பதரையும் பத்தரையும். மார்ச்சிலும், ஒக்டோபர் – நவம்பரிலும் அமர்வு தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். அந்த மாதங்களில் இலங்கை நேரத்தை எழுத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஓர் அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். ஸூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் திரை மூடினால் அது காயமாகவே தங்கும், ஆகவே துணையாளரிடம் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை. காணொளி ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபியோ அதற்கு மேலோ டேட்டா தின்னலாம். இழுபட்டால் கமராவை நிறுத்திக் குரலில் தொடருங்கள். இணைப்பு முற்றாக அறுந்தால் யார் யாருக்கு அழைப்பது என்பதையும் முதல் நாளே பேசிவையுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதென்றால், பூட்டிய திரையில் செய்தி தெரிவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் காப்புப்பிரதியைப் (backup) பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கம் தானாக இயங்காது. அமைப்புகளில் போய் நீங்களே இயக்க வேண்டும். வீட்டில் பலரும் தொடும் கணினியில் வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம்.

முதல் அமர்வில் துணையாளர் உங்கள் சரியான முகவரியையும், அவசரத்தில் அழைக்க ஒருவரின் இலக்கத்தையும் கேட்பார். பலர் வெட்கத்தில் பொய் எழுதுகிறார்கள். ஆபத்தான ஒரு தருணத்தில் திரைக்கு அப்பால் இருப்பவர் உங்களுக்கு உதவி அனுப்ப வேறு வழியே இல்லை, உண்மையை எழுதுங்கள். இரகசியத்தின் எல்லையையும் அப்போதே கேளுங்கள். உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து, சிறுவர் துன்புறுத்தல், நீதிமன்ற உத்தரவு ஆகிய நிலைகளில் அவர் வெளியே பேச வேண்டி வரலாம்.

பேசப் போகும்போது அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன மாறியது, எப்போது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எடுக்கும் குளிசைகள், குடி. "எனக்கு ஸ்ட்ரெஸ்" என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "கனடா விசாவுக்குக் காத்திருக்கத் தொடங்கியதிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, பிறகு ஃபோனில் ஈமெயில் பார்த்துக்கொண்டே விடிகிறது" என்றால் வேலை அங்கேயே தொடங்கலாம். இதற்கு அவர் நித்திரைக் குறிப்பேடு தரக்கூடும்: படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்திருந்த அளவு. ஒருநாளுக்கு இரண்டு நிமிட வேலைதான். ஒரு கிழமைக் குறிப்பு கையில் இருந்தால், எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது என்பது இருவருக்கும் தெரியும். ஈமெயில் பார்ப்பதைப் பகலில் ஒரு குறித்த அரைமணித்தியாலத்துக்கு நகர்த்துவது போன்ற சிறு மாற்றங்கள்தான் வரும். அமர்வு முடிந்ததும் சொன்னதைக் குறித்துவைக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அப்படியே எழும்பிச் சமையலுக்கோ அலுவலக அழைப்புக்கோ ஓடினால் பாதி மறந்துபோகும்.

வீட்டுப் பெரியவர் சொல்வதுபோல் "இதைச் செய்" என்ற தீர்ப்பை எதிர்பார்த்து வருபவர்கள் இரண்டாம் அமர்விலேயே ஏமாற்றமடைகிறார்கள். விவாகரத்து செய், வேலையை விடு, ஊருக்குத் திரும்பு என்று துணையாளர் முடிவு சொல்லக்கூடாது. அப்படிச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். அவரது வேலை, நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், எதை இழப்பீர்கள், எதைத் தாங்குவீர்கள் என்பதை நீங்களே தெளிவாகப் பார்க்க வைப்பது. அது மெதுவாகத்தான் நடக்கும்.

மூன்று, நான்கு அமர்வுக்குப் பிறகு கணக்குப் பாருங்கள். பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு கிழமைகளின் மனநிலையை 0 முதல் 27 வரை அளக்கும். தொடக்கத்திலும் இப்போதும் எடுத்த புள்ளிகளை ஒப்பிடலாம். முன்னேற்றம் இல்லையென்றால், அல்லது அவர் சொன்ன ஏதோ ஒன்று மனதைக் குத்தியிருந்தால், அழைப்புக்குப் பதில் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். "போன முறை நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லுங்கள். அதை அவர் எப்படி ஏற்கிறார் என்பதிலேயே தொடர்வதா விடுவதா என்பது தெரியும். களைப்பும் சோர்வும் நீடித்தால் தைரொயிட், இரத்தசோகைப் பரிசோதனையும் செய்துபாருங்கள். மருத்துவர் தந்த மனநலக் குளிசைகளைத் துணையாளருடன் பேசியபின் நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்தக்கூடாது.

சாக வேண்டும் என்ற எண்ணம், இல்லாத குரல் கேட்பது, நாட்கணக்கில் நித்திரையில்லாமலே களைப்பின்றித் துள்ளிக்கொண்டிருப்பது ஆகியவை அடுத்த அமர்வு வரை காத்திருக்கக்கூடியவை அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்; 1333 என்ற உளவளத்துணைத் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. உயிராபத்தென்றால் 1990 அம்புலன்ஸ், அது இலவசம். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஒரேயடியாக நிறுத்தாமல், கிழமைக்கொன்றை இரண்டு கிழமைக்கொன்றாகவும் பிறகு மாதத்துக்கொன்றாகவும் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிக்கும்போது கடைசி அமர்வை அதற்கென்றே வைத்து, மனம் மறுபடி சரியத் தொடங்கினால் உங்களில் முதலில் தெரியும் அறிகுறிகளை இருவருமாக எழுதி, அதன் பிரதியை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.