பழைய டர்போ ஏன் போனது? மாற்று டர்போ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலன்சரில் நீலப் புகை வருகிறது, விசில் சத்தம் கூடிவிட்டது, பூஸ்ட் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ தரும் அழுத்தம்) ஏற மறுக்கிறது. மெக்கானிக் "டர்போ போச்சு சார்" என்று சொன்ன அன்றைக்கே பலர் அதைவிடப் பெரிய டர்போவுக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இதுதான் தலையாய தவறு. பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டினால், அதே காரணம் புதியதையும் காவு வாங்கிவிடும்.

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். சாதாரண ஜர்னல் பேரிங்கில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். கழற்றிய டர்போவைத் தூக்கிப் போடாமல் மேசையில் வைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் சரியாகப் போய்ச் சேரவில்லை. காற்றை இழுத்து அழுத்தும் கம்ப்ரஸர் வீலின் விளிம்புகள் அரித்தாற்போல் மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் தூசியை விட்டிருக்கிறது. ஓர் இறக்கை உடைந்திருந்தாலும் அலுமினியத் துணுக்குகள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் கிடக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது டர்போ போட்டால் அவை நேரே எஞ்சினுக்குள் போகும். வீல்கள் நன்றாக இருந்தும் ஆயில் கசிந்திருந்தால் ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப்பையும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ-யின் சில மாடல்களில் டர்போவுக்கு ஆயில் போகும் பேஞ்சோ போல்ட்டுக்குள்ளேயே (நடுவில் துளையுள்ள போல்ட்) சின்னஞ்சிறு சல்லடை ஒன்று இருக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அந்த போல்ட்டைத் தொடாமல் டர்போவை மட்டும் மாற்றினால் போட்ட பணம் வீண்.

அடுத்தது சைஸ். நம் ஊரில் அதிகம் பேசப்படும் காரையே எடுத்துக்கொள்வோம்: 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. அதில் இருப்பது ஐஎச்ஐ நிறுவனத் தயாரிப்பான ஐஎஸ்20 டர்போ. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் வரும் அதைவிடப் பெரிய டர்போவான ஐஎஸ்38, பெரிய வெட்டுவேலை இல்லாமல் அதே இடத்தில் உட்காரும். அதனால்தான் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். ஆனால் "இது எத்தனை எச்பி தாங்கும்?" என்ற கேள்வியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 எச்பி என்பது கைக்கணக்கு. 350 எச்பி வேண்டுமென்றால் 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. அந்தப் புள்ளி, எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் டர்போ தரும் என்று காட்டும் வரைபடமான கம்ப்ரஸர் மேப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இடது ஓரத்தில் விழுந்தால் சர்ஜ், அதாவது அழுத்திய காற்று டர்போவுக்குள் திரும்பி அடிக்கும். வலது ஓரத்துக்குப் போனால் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றிக் காற்றைச் சூடாக்கும், அவ்வளவுதான்.

மலை ஏறுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னையில் 1 பார் பூஸ்ட் என்றால் அழுத்த விகிதம் (டர்போவிலிருந்து வெளிவரும் காற்றின் மொத்த அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தால் வகுத்தது) 2. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே 0.77 பார் அளவுதான். அங்கே அதே 1 பார் பூஸ்ட்டுக்கு விகிதம் 2.3 ஆகிவிடும், டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். சிறிய டர்போவை டியூன் செய்து கடைசி எல்லைவரை பிழிந்து வைத்திருந்தால் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அதன் ஆயுள் கரையும்.

பெரிய டர்போவுக்கு விலை உண்டு, ரூபாயில் மட்டும் அல்ல. ஐஎஸ்38 பூஸ்ட் கொடுக்கத் தாமதிக்கும். தினமும் சென்னை ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஓட்டுபவருக்கு அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். ஆர்எஸ் 230-க்குக் கம்பெனி கொடுத்த டார்க் 350 என்எம். அதைத் தாண்டி ஏற்றினால் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச், ஃப்யூயல் பம்ப் எல்லாம் கணக்கில் வரும். 95, 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. தினசரி கார் என்றால் ஐஎஸ்20-ஐயே மறுபடி போட்டு அளவான டியூனோடு ஓட்டுவதுதான் என் பரிந்துரை.

ஷாஃப்டைச் சிறு குண்டுகள் தாங்கும் பால் பேரிங் டர்போவுக்கு மாறுபவர்கள் பழைய ஆயில் லைனை அப்படியே மாட்டிவிடக் கூடாது. பால் பேரிங்குக்கு ஆயில் குறைவாகவே வேண்டும்; தயாரிப்பாளர் சொல்லும் ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைக்கும் சிறு துளை) இல்லாவிட்டால் ஆயில் சீலைத் தாண்டி வரும். அதே ரெஸ்ட்ரிக்டரை ஜர்னல் பேரிங் டர்போவில் போட்டால் பேரிங் காய்ந்து போகும்.

விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் பார்ட் நம்பரே அச்சிட்ட போலிகள் உண்டு. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் டர்போ எடுத்தால் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான அசைவு இருக்கலாம், ஆனால் வீல் ஹவுசிங்கில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு கைக்குத் தெரியவே கூடாது. ரீபில்ட் செய்தது என்றால் பேலன்சிங் ரிப்போர்ட் கேளுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மாட்டும்போது ஆயில் லைன் ஃபிளாஞ்சில் சிலிகான் பேஸ்ட் பூச விடாதீர்கள். பிதுங்கிய துண்டு ஆயில் துளையை அடைக்கும். கேஸ்கெட் மட்டும் போதும். ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றிக் கையால் வீலைச் சுற்றிவிட வேண்டும். ஆக்டேவியாவில் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஆக்சுவேட்டர் எலக்ட்ரானிக் என்பதால், புதிய ஆக்சுவேட்டரின் நிலையைக் கார் கற்றுக்கொள்ளும்படி ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.