கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவி: வீட்டில் செய்யவேண்டியது

வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி (Indian pitta), அக்டோபர் வாக்கில் நம் ஊர்களில் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவது சகஜம். கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜமென்று நம்பிவிடுகிறது.

மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தித் தூக்குங்கள். மார்பை அழுத்தவே கூடாது. நமக்கு மூச்சிழுக்க உதவும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். பக்கவாட்டில் பென்சில் பருமனில் பத்துத் துளை, அடியில் பழைய வேட்டித் துணி. டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். மூடி, இருட்டான அமைதியான அறையில் 1 முதல் 2 மணி நேரம் விடுங்கள். அரைமணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம், ஆனால் பயமே அதைக் கொன்றுவிடும்.

பலர் செய்யும் தவறு, வாயில் தண்ணீர் ஊற்றுவது. மூச்சுக்குழலின் திறப்பு நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பாலும் சோறும் கூடவே கூடாது. அது புழு பூச்சி தின்னும் பறவை.

பெட்டிக்குள் படபடத்தால், புதரோரமாகத் தரையில் வைத்துத் திறங்கள். மேலே வீசாதீர்கள். மாலை இருட்டிவிட்டால் விடியும்வரை பொறுக்கவும்.

இறக்கை ஒருபக்கம் தொங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். பூனை கவ்வியிருந்தால் காயம் தெரியாவிட்டாலும் அன்றே ஆன்டிபயாடிக் தேவை. தேறாத பறவையை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.