ஆசரிப்புக் கூடார மூடுதிரைகளுக்குக் காதுகள் தைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஞாயிறு பள்ளிக்காக, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரியைச் செய்வோர் பலர், உடன்படிக்கைப் பெட்டிக்கும் குத்துவிளக்குக்கும் காட்டும் அக்கறையை மூடுதிரைகளின் காதுகளுக்கு, அதாவது கொக்கி மாட்டும் நூல் வளையங்களுக்கு, காட்டுவதில்லை. ரவிக்கைக்குத் தைப்பதுபோல ஓர் ஓரத்தில் காதும் மறு ஓரத்தில் கொக்கியும் வைத்து முடித்துவிடுகிறார்கள். வேதாகமத்தின் யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தின்படி இரண்டு ஓரங்களிலும் ஐம்பது ஐம்பது காதுகள் நேருக்கு நேர் நிற்கவேண்டும். தனியே செய்த ஐம்பது பொன் கொக்கிகள் அவற்றை இணைக்கவேண்டும்.

ஒரு முழத்துக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 28 முழ நீளமும் 4 முழ அகலமும் உள்ள ஒவ்வொரு மூடுதிரையும் 140 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையதாகும், முழுக் கூடாரமும் ஆறடி மடக்கு மேசையில் அடங்கிவிடும். பத்துத் திரைகளை ஐந்தைந்தாகத் தையலாலேயே சேர்த்துவிடலாம், ஏனெனில் காதுகள் அவ்விரு தொகுதிகளும் சந்திக்கும் ஓரங்களுக்கு மட்டுமே உரியவை. அந்த ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முதல் புள்ளியை 1.4 செ.மீ. தள்ளியும் அடுத்தவற்றை 2.8 செ.மீ. இடைவெளியிலும் குறித்தால் ஐம்பதும் சரியாக அமையும். ஒவ்வொரு புள்ளியையும் முந்தைய புள்ளியிலிருந்து அளந்தால், இடைவெளிக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசிக் காது ஏறத்தாழ 5 செ.மீ. விலகிவிடும், ஆகவே அளவு நாடாவை ஒரே முனையில் பிடித்தபடி எல்லாவற்றையும் குறிக்கவும்.

இளநீல எம்பிராய்டரி நூலைப் பென்சிலின் மேலாக மூன்று முறை ஓட்டி, அந்த இழைகளின்மேல் காஜா தையல் போட்டால் காது தொய்யாது. கொக்கியின் வடிவத்தை வேதம் விவரிக்கவில்லை. இரு முனைகளும் எதிரெதிராக வளைந்த பித்தளைக் கம்பித் துண்டு போதும்.

காதுகளின் பொருளைப் பிள்ளைகள் கேட்டால், வேதமே சொல்லும் பொருளிலிருந்து தொடங்குவது நல்லது: கொக்கிகளால் இணைக்கப்பட்டபின் அது "ஒரே வாசஸ்தலமாகும்". ஐம்பது என்ற எண்ணை, ஐம்பதாம் நாள் பண்டிகையான பெந்தெகொஸ்தே நாளோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது போதகர் தரும் விளக்கமே தவிர வசனம் தரும் விளக்கம் அல்ல. இளநீலத்துக்கோ வேதத்துக்குள்ளேயே துணை இருக்கிறது. பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம், ஏபோத்து என்னும் அவனுடைய மேலாடையோடு இளநீல நாடாவால் கட்டப்பட்டது. கட்டளைகளை நினைப்பூட்டும் ஆடைத் தொங்கலிலும் எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் இளநீல நாடாவைக் கேட்கிறது.

மேலே வரும் ஆட்டுமயிர்த் திரைகள் பதினொன்று; ஒவ்வொன்றும் 30 முழம், அதாவது 150 செ.மீ. நீளம். அவற்றை ஐந்தும் ஆறுமாகச் சேர்த்து, காதுகளை 3 செ.மீ. இடைவெளியில் தைக்கவும். அங்கே காதுகளின் நிறம் சொல்லப்படாததால் கறுப்பு நூலே பொருந்தும். கொக்கிகள் வெண்கலம் என்பதால் செம்புக் கம்பியைப் பயன்படுத்தலாம்.

முதலில் தைத்த பத்துத் திரைகளைக் கூடாரத்தின் மேல் விரிக்கும்போது முதல் தொகுதியின் ஓரத்தை வாசலோடு பொருத்தினால், பொன் கொக்கிகளின் வரிசை வாசலிலிருந்து 20 முழத்தில், மாதிரியில் 100 செ.மீ.யில் விழும். அந்த வரிசைக்கு நேர் கீழேதான் முன்னறையான பரிசுத்த ஸ்தலத்தையும் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தையும் பிரிக்கும் திரைச்சீலையைத் தொங்கவிடவேண்டும்.