கள்ள வாக்கு என்று கத்துவதற்கு முன்

தேர்தல் முடிந்த இரவில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு கட்டாயம் வரும். "பெட்டியை மாத்திப்போட்டாங்கள், எண்ணுற இடத்தில கரண்ட் போச்சு" என்று யாரோ மூச்சு வாங்கச் சொல்வார். எந்த நிலையம், எத்தனை மணி, கண்டது யார், ஒன்றும் இருக்காது. அதை மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடியிலிருந்து வாகரை வரைக்கும் அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று படுத்துவிடுகிறோம். சந்தேகப்படுங்கள், இலங்கையில் அதற்குக் காரணம் நிறையவே இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தைக் காலை ஏழு மணிக்கே, வாக்களிப்புத் தொடங்கும்போதே படவேண்டும்.

காலையில் பெட்டி வெறுமையாக இருப்பதைக் காட்டித்தான் முத்திரையிடுவார்கள், பார்க்கக் கட்சியின் முகவர் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்து நிலையமொன்றில் ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன முகவர் திரும்பி வரவேயில்லை, பின்னேரம் "கள்ள வாக்கு" என்று முதலில் சத்தம் போட்டதும் அவர்தான்.

அடுத்தது, கணக்கில் தோற்றதை மோசடியில் தோற்றதாக நினைப்பது. 2020 பொதுத் தேர்தலில் அம்பாறை மாவட்டத்தில் தமிழ் வாக்குகள் இரண்டு அணிகளாகப் பிரிந்தன, ஒன்றுக்கு 29 ஆயிரத்துச் சொச்சம், மற்றதற்கு 25 ஆயிரத்துச் சொச்சம், ஏழு ஆசனங்களில் இரண்டுக்கும் ஒன்றுகூட இல்லை. அதே மாவட்டத்தில் 39 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. கூட்டிப் பாருங்கள். திருக்கோவிலிலும் காரைதீவிலும் பெட்டிக்குக் காவல் இருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்காது.

அப்புறம், நாமே கெடுத்துக்கொள்ளும் வாக்குகள். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க மூன்று லட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, இரண்டு மாதத்தில் வந்த பொதுத் தேர்தலில் அது ஆறரை லட்சத்தையும் தாண்டியது. இவ்வளவு வாக்கை எந்தக் கள்ளனும் திருடவில்லை. பொதுத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி (X), பிறகு விரும்பினால் அதே அணியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை அவர்களுடைய இலக்கங்களில் விருப்பு வாக்கு. புள்ளடி போடாமல் இலக்கத்தை மட்டும் அடையாளமிட்டால் வாக்குப் போய்விடும், மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குத்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் நிராகரிப்புத்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயதானவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேட்பாளர்கள் வரமாட்டார்கள் (அவர்களுக்குத் தங்கள் இலக்கம் நினைவிருந்தால் போதும்), வீட்டுப் பிள்ளைகள்தான் ஒரு தாளில் கீறிக் காட்டவேண்டும்.

பெயர் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) இல்லை என்று வாக்களிப்பு நாளில் சண்டை பிடித்துப் பயனில்லை. இடாப்புத் திருத்தும் காலத்திலேயே கிராம சேவகரிடம் போய்ப் பாருங்கள். வாக்காளர் அட்டை வரவில்லை என்று வீட்டில் இருக்கவும் வேண்டாம், பெயர் இருந்தால் அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம்.

உண்மையிலேயே தவறு நடந்தால்? உங்கள் பெயரில் வேறொருவர் வாக்குப் போட்டிருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், நிலையப் பொறுப்பாளரிடம் அப்போதே சொல்லிப் பதியச் செய்யுங்கள். முறைப்பாட்டில் நிலையத்தின் பெயர், நேரம், கண்டது என்ன, கூட நின்றவர் யார் என்று எழுதி மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவை எதிர்த்துத் தேர்தல் மனுப் போட 21 நாள்தான் அவகாசம், அதற்குள் அந்தப் பிரதியைத்தான் சட்டத்தரணி கேட்பார், குரல் பதிவை அல்ல.