படத்தில் இருப்பது ரோசம்மாளா, கத்தரீனம்மாளா?

பெரு நாட்டுக்குப் போகிறீர்களா? லீமாவிலும் குஸ்கோவிலும் ஸ்பானியர் ஆட்சிக்காலப் புனிதர் படங்கள் சுவர் சுவராக இருக்கும். முன்னே நின்றதும் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். குஸ்கோ ஓவியர்களின் முகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. தலையையும் கையையும் பாருங்கள்.

வெள்ளை அங்கி, கறுப்பு மேலாடை என்றால் சாமிநாதர் சபை, அதாவது டொமினிக்கன் துறவற சபை. முள்முடியும் உள்ளங்கையில் காயமும் இருந்தால் சியன்னா கத்தரீனம்மாள். ரோஜா முடி, கையில் ரோஜாக்களுக்கு நடுவே குழந்தை இயேசு என்றால் லீமா ரோசம்மாள். (நம் பங்குக் கோயில்களில் லீமா ரோஸ் என்ற பெயரில் எத்தனை பேர்! அந்த லீமா இதுதான்.) குழப்பம் வருவது இயல்பு. ரோசம்மாள் கத்தரீனம்மாளையே முன்மாதிரியாகக் கொண்டு வாழ்ந்தவர். அதே சபை, அதே உடை.

இன்னும் சந்தேகமா? நங்கூரத்தைத் தேடுங்கள். அதன் மேல் குட்டியாக ஒரு நகரம் உட்கார்ந்திருந்தால் வேறு பேச்சே இல்லை, ரோசம்மாள்தான். 1615-இல் டச்சுக் கப்பல்கள் காயாவோ துறைமுகத்தின் முன் வந்து நின்றபோது அவருடைய ஜெபம்தான் லீமாவைக் காத்தது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அவர் இறந்தது 1617-இல். 1668-இல் அருளாளர் பட்டம், 1671-இல் புனிதர் பட்டம்; அமெரிக்கக் கண்டங்களின் முதல் புனிதர் அவர்தான். படங்கள் பெருகியதும் அதற்கு அப்புறம்தான்.

ஆளைக் கண்டுகொண்டீர்களா, சரி. இனிதான் எனக்குப் பிடித்த வேலை. நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒளி சாய்வாக விழும் இடத்தில் நில்லுங்கள். குஸ்கோ படமென்றால் பல சமயம் துணியில் தங்கப் பூவேலை மின்னும். ஒரு பூவை மட்டும் கண்ணால் தொடருங்கள். துணி மடியும் இடத்தில் பூவும் மடிய வேண்டும் அல்லவா? மடியாது. நிழல் விழுந்த மடிப்பின் மேலும் நேராக ஓடும். வண்ணம் தீட்டி முடித்த பிறகு மேலே தங்கத்தை வைத்ததால் வந்தது இது. தஞ்சாவூர் படத்தில் தங்கம் புடைத்து நிற்கும். இங்கே தட்டையாகப் படிந்திருக்கும். ஐரோப்பியக் கண்ணுக்கு இது பிழையாகப் படலாம். எனக்கோ படத்தின் உயிரே அங்கேதான்.

கீழ் மூலையில் கையெழுத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் இருக்காது. 1688-இல் பழங்குடி ஓவியர்கள் ஸ்பானிய ஓவியர்களின் சங்கத்திலிருந்து பிரிந்து தனியே தொழில் நடத்தினார்கள். பட்டறைகளில் பல கைகள் சேர்ந்து வேலை செய்தன. தியேகோ கிஸ்பே திட்டோ, பசிலியோ சாந்தா குரூஸ் என்று சில பெயர்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன. எங்காவது அந்தப் பெயர்களைப் பார்த்தால் அந்தப் படத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.