கம்ப்யூட்டரில் 5.1: ஆப்டிகல் கேபிளை நம்பிக் காசை விடாதீர்கள்

புதிதாக 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கூடவே கனமான சத்தத்துக்கு ஒரு சப் ஊஃபர்) வாங்குகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில்தான் இன்றும் வரிசையாக வந்து விழுகிறார்கள். பச்சை ஜாக்கில் பச்சை ஒயரைச் செருகுவது, வால்யூம் ஏற்றுவது எல்லாம் டப்பாவிலேயே படம் போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆப்டிகல் போட்டால் எல்லாமே 5.1 என்று நினைப்பது

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் இதில்தான் பணம் போகிறது. ஆப்டிகல் என்பது ஒலியை வெளிச்சமாக அனுப்பும் கேபிள்.

சேலம் அஸ்தம்பட்டிப் பையன் ஒருவன், தீபாவளி போனஸில் நல்ல ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ஆம்ப்) ஐந்து ஸ்பீக்கர் பாக்ஸும் சப் ஊஃபரும் வாங்கிவிட்டு போன் செய்தான். "அண்ணா, ஆப்டிகல் போட்டாச்சுங்ணா. படம் போட்டா பின்னாடி ஸ்பீக்கர் சூப்பரா பேசுது. கேம் போட்டா முன்னாடி ரெண்டு மட்டும்தான் வருது. பாக்ஸ் போயிருக்குமாங்ணா?" பாக்ஸ் ஒன்றும் போகவில்லை. படத்தில் வருகிறது, கேமில் வரவில்லை என்றாலே வியாதி என்னவென்று தெரிந்துவிடும்.

அந்த ஆப்டிகல் ஓட்டை 1983-இல் தோஷிபா தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. சிடியில் இருப்பது இடது, வலது என்று இரண்டே சேனல். அதனால் கேபிளில் போகும் எஸ்பிடிஐஎஃப் முறையும் சுருக்காத ஒலியை இரண்டு சேனலாகத்தான் எடுத்துப்போகும். ஆறு சேனல் போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். சினிமா ஃபைலில் அந்தச் சுருக்கிய ஒலி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கம்ப்யூட்டர் அதைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடுகிறது, ரிசீவர் பிரித்துக்கொள்கிறது. கேம் அப்படியில்லை. எதிரி பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தத்தை அது அந்த நிமிஷத்தில்தான் கணக்குப் போட்டு ஆறு சேனலாகக் கொடுக்கிறது. அதைச் சுருக்க ஆள் இல்லை, அதனால் நாலு சேனல் வெளியே வராமலே போகிறது.

அந்தச் சுருக்கும் வேலைக்குத்தான் டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்று இரண்டு வசதி உண்டு. இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதால் எல்லா சவுண்ட் கார்டிலும் மதர்போர்டிலும் இருக்காது. கார்டு டப்பாவில் '5.1' என்றும் போட்டிருப்பான், 'ஆப்டிகல் அவுட்' என்றும் போட்டிருப்பான். நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துவிடுகிறார்கள். அந்த 5.1 பின்னால் இருக்கும் மூன்று அனலாக் ஜாக்குக்குச் சொன்னது, ஆப்டிகலுக்கு இல்லை. டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் இரண்டில் ஒன்று டப்பாவில் எழுத்தாக இருந்தால் மட்டும் நம்புங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஆல்ஸா என்ற சவுண்ட் சாஃப்ட்வேரில் ஏ52 என்ற பிளகின் இதே வேலையைச் செய்யும்.

விண்டோஸ் இன்னொரு விதத்தில் குழப்பும். டிஜிட்டல் அவுட்புட்டின் பிராப்பர்ட்டீஸில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று டிக் பெட்டியும் பக்கத்தில் டெஸ்ட் பட்டனும் இருக்கும். அமுக்கினால் சத்தம் வரும், உடனே எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். சுருக்கி வரும் ஒலியை ரிசீவரால் பிரிக்க முடிகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வெளியே வந்து 'கான்ஃபிகர்' பட்டனைப் பாருங்கள், மங்கிப்போய் அமுக்க முடியாமல் கிடக்கும். 5.1 என்று தேர்ந்தெடுக்கவே அங்கே வழியில்லை.

சரி, பையன் என்ன செய்தான்? நான் சொல்வதற்குள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இன்னொரு சவுண்ட் கார்டு வாங்கிவிட்டான், அதிலும் அந்த வசதி இல்லை. அப்புறம் ரிமோட்டில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்று ஒரு பட்டனைக் கண்டுபிடித்து, ஐந்து பாக்ஸிலும் ஒரே சத்தம் வந்ததும் "செட் ஆயிருச்சுங்ணா" என்று சந்தோஷப்பட்டான். நேரில் போய் ரிசீவரைத் திருப்பினால் பின்பக்கம் எச்டிஎம்ஐ இன்புட் ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் இருக்கிறது, அவனுடைய கிராபிக்ஸ் கார்டிலும் ஒரு எச்டிஎம்ஐ காலியாக இருக்கிறது! எச்டிஎம்ஐ எட்டு சேனல் வரை சுருக்காமலே எடுத்துப்போகும். வீட்டில் சும்மா கிடந்த கேபிளைப் போட்டோம், கான்ஃபிகரில் 5.1 வந்துவிட்டது. இரண்டாவது கார்டு இன்னும் அவன் மேஜை டிராயரில் இருக்கிறது.

எச்டிஎம்ஐயில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. ரிசீவரை விண்டோஸ் இன்னொரு மானிட்டர் என்று நினைத்துக்கொள்ளும், மவுஸ் அம்பு அந்த இல்லாத திரைக்குள் போய்த் தொலைந்துவிடும். டிஸ்பிளே செட்டிங்கில் அந்தத் திரையை இழுத்து, உங்கள் மானிட்டரின் மூலையில் மட்டும் ஒட்டுகிற மாதிரி விட்டுவிடுங்கள்.

ரிசீவரில் எச்டிஎம்ஐ இல்லை, ஆனால் ஆறு சேனல் அனலாக் இன்புட் இருக்கிறது என்றால் இன்னும் சுலபம். ஒரு முனையில் 3.5 மிமீ பின், மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின் (ஆம்பில் செருகும் சிவப்பு வெள்ளை பின்) உள்ள கேபிள் மூன்று வாங்கினால் வேலை முடிந்தது. பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் சப்பும். மதர்போர்டில் மூன்றே ஜாக் என்றால் நீலமும் பிங்கும்தான் பெரும்பாலும் டிரைவரில் மாற்றிவிட்டதும் அந்த வேலையைச் செய்யும்.

ஆம்பின் முதுகைப் பார்க்காமல் வாங்குவது

உள்ளூரில் அசெம்பிள் செய்கிற ஆம்ப் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல கைகள் சேலத்தில் இருக்கின்றன. ஆனால் முகப்பில் 5.1 என்று நீல லைட் எரியும், பின்னால் பார்த்தால் சிவப்பு வெள்ளை என்று ஒரே ஒரு ஆக்ஸ் இன்புட் ஜோடி இருக்கும். உள்ளே இருக்கும் போர்டு ஸ்டீரியோவைப் பிரித்து ஐந்தாகப் பரப்புகிறது, அவ்வளவுதான். பாட்டுக்குப் பரவாயில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நிஜமான ஆறு சேனல் வேண்டுமென்றால் ஆறு ஆர்சிஏ ஓட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வசனம் சப் ஊஃபரில் வந்தால்

ஹீரோ போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதா? சென்டரும் சப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஆரஞ்சு கேபிளின் இரண்டு ஆர்சிஏவை மாற்றிச் செருகுங்கள். சேர்ந்தே வரும் ஒயர் என்றால் டிரைவரில் ஸ்வாப் என்று ஒரு டிக் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் டிவியை நுழைப்பது

வேண்டாம். டிவி தனக்கு ஸ்டீரியோதான் தெரியும் என்று சொன்னால் கம்ப்யூட்டரும் இரண்டு சேனல்தான் கொடுக்கும்.

பின் ஸ்பீக்கரை ஷோகேஸில் வைப்பது

அது முன் ஸ்பீக்கர். உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும், காதுக்குக் கொஞ்சம் பின்தள்ளி, முகம் பார்க்கும் திசையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் வையுங்கள்.

இரைச்சல் போக எர்த் பின்னைப் பிடுங்குவது

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் ஒருவர், விருந்தினர் ஹாலில் புரொஜக்டர், கம்ப்யூட்டர், ஆம்ப் எல்லாம் போட்டிருந்தார். எப்போதும் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். யாரோ சொன்னார்கள் என்று கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். இரைச்சல் குறைந்தது உண்மைதான், ஆனால் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. "லேசாத்தானுங்க அடிக்குது" என்கிறார். ஷாக் அடிப்பதில் லேசு என்ன, கனம் என்ன!

பின்னைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, ஆம்பில் செருகியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தோம். செட்டாப் பாக்ஸிலிருந்து வந்த ஆர்சிஏ ஒயரை எடுத்ததும் இரைச்சல் நின்றது. மாடியில் டிஷ் ஒரு எர்த், கீழே கம்ப்யூட்டர் ஒரு எர்த், இரண்டும் ஆம்ப் வழியாகக் கைகோத்துக்கொண்டிருந்தன. நான் இவ்வளவு நேரம் திட்டிய ஆப்டிகல் கேபிள் இங்கேதான் உதவியது. அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்ட் போகாது, அதனால் எர்த் சுற்று அங்கேயே அறுந்துவிடும். செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல், கம்ப்யூட்டரிலிருந்து ஆம்புக்கு மூன்று அனலாக் ஒயர் என்று மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இடி இடித்தால் டிஷ் ஒயரையும் சேர்த்து உருவிவிடச் சொல்லியிருக்கிறேன், மலை மேல் அது இன்னும் அவசியம்.