முதுகுப்பை வாங்கும் முன் உள்ளே திருப்பிப் பாருங்கள்

ஈஸ்ட்பேக், தி நார்த் ஃபேஸ் ஆகிய பை பிராண்டுகள் இரண்டும் 2000இல் விஎஃப் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயின. ஜான்ஸ்போர்ட் பிராண்டு அதற்கு முன்பே அங்கிருந்தது. பெயர்கள் பல, முதலாளி ஒருவர். பெயரை விட்டுவிட்டுத் தையலைப் பாருங்கள்.

முதலில் தோள்வார். பை பெரும்பாலும் கிழிவது இங்கேதான். வாரின் முனை மேல்தையலுக்குள் ஆழமாக நுழைந்து, நெருக்கமான குறுக்குத்தையலோடு இருக்க வேண்டும். பிறகு பையை உள்வெளியாகத் திருப்புங்கள். தையலுக்கு அப்பால் 1 செ.மீ. துணியாவது மிஞ்சி, ஓரத்தை நாடா மூடியிருக்க வேண்டும். ஓரம் திறந்திருந்தால் நூல் பிரியும். பாரம் ஏறியதும் தையலோடு துணியே உருவிக்கொண்டு வரும். இதைப் பிறகு சரிசெய்வது கடினம்.

ஜிப்பின் எண் கூடக் கூட அதன் பல் பெரிது. பெரிய அறைக்கு 8 அல்லது 10 எண் ஜிப் நல்லது. சிறு பாக்கெட்டுக்கு 5 எண் போதும்.

ஒரே டெனியரில் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) பாலியெஸ்டரைவிட நைலான் உரசலை நன்றாகத் தாங்கும்.